மார்த்தாள் அப்பாவைப் பார்க்கப் போன நாள்

மார்த்தாள் அக்கா இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. இன்னும் அவரைப் பற்றி ஒரு குறை சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். கடைசிக் காலத்தில் கல்லறைத் திருநாளுக்கு அவர் எந்தக் கல்லறைக்கும் போகவில்லையாம். பெற்ற தாய்க்குக்கூட மகளிடம் பூவைக் கொடுத்து அனுப்பிவிட்டு, தான் குவார்ட்டர்ஸிலேயே உட்கார்ந்திருந்தாராம். பர்மனென்ட் சம்பளம் வந்துவிட்டால் செத்தவர்கள் மறந்துபோவார்கள் என்று போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் ஒரு அம்மாள் என் காதுபடவே சொன்னார். அவரிடம் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். பாயசம் பரிமாறிக்கொண்டிருந்தார்கள், பெண் வீட்டார் முகத்துக்காகப் பேசாமல் சாப்பிட்டு எழுந்தேன். அன்று விழுங்கிய கோபம் இன்னும் செரிக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் இசக்கிமுத்து. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இருபது வயதில் நெய்வேலிக்கு வந்தவன். சுரங்கத்து கேண்டீனில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றேன். மார்த்தாள் அக்கா என் கேண்டீனில் வேலை பார்த்தார். அவர் புருஷன் சைமன்ராஜ் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் இருந்தவர், மஞ்சள் காமாலையில் போய்விட்டார். வாரிசு வேலையாக அக்காவுக்கு இது கிடைத்தது. டெய்சி என்று ஒரே மகள். வந்த முதல் மாதம் பாத்திரம் கழுவினார். ஒரு வருஷத்துக்குள் சோறு போடும் கரண்டி அவர் கைக்கு வந்துவிட்டது. நான் கொடுத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை, அவரே எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

கரண்டி கையில் இருந்தால் அவருக்கு எந்த ஆபீசரிடமும் பயம் கிடையாது. தட்டில் சோற்றை மிச்சம் வைத்துவிட்டு எழுந்த ஒரு இன்ஜினியரைக் கைகழுவும் இடம் வரை துரத்திப் போய், "ஏன் சாமி, வூட்லயும் இப்பிடித்தான் கொட்டுவியா?" என்று கேட்டார். மேலிடத்திலிருந்து எனக்கு ஓலை வந்தது. நான் அக்காவிடம் சொன்னேன். "அவுரு இன்னிக்கி முழுசா சாப்புட்டாரா இல்லியா, அத்த சொல்லுங்க தம்பி" என்றார். சாப்பிட்டிருந்தார்.

சிரித்தால் அவருடைய முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு தீக்குச்சி நுழைகிற சந்து தெரியும். யாராவது கேலி செய்தால் கோபப்படமாட்டார். "இது எங்கப்பா பல்லு" என்பார், ஏதோ நகையைக் காட்டுவதுபோல. அப்படித்தான் அவருடைய அப்பா முதன்முதலில் எங்கள் பேச்சுக்குள் வந்தார்.

அப்பா பெயர் அமிர்தநாதன். சேத்தியாத்தோப்பு சாலையிலிருந்து உள்ளே பிரிந்து போகும் ஒரு சின்ன ஊர். பெயர் சொல்லிப் பயன் இல்லை, அந்த ஊர் இருந்த இடத்தில் இப்போது சுரங்கம் இருக்கிறது. வெள்ளைக்காரன் பட்டாளத்துக்கு ஆள் எடுத்த காலத்தில், வீட்டில் அடுப்பு எரியாததால் கடலூருக்கு நடந்துபோய்ப் பெயர் கொடுத்திருக்கிறார். பர்மா எல்லைக் காட்டில் ரோடு போடும் பிரிவு. பெயர்தான் சிப்பாய், கையில் இருந்தது மண்வெட்டி. ஒருமுறை லீவில் வந்தார். அவர் திரும்பிப் போன பிறகு மனைவி சவுரியம்மாள் கர்ப்பம் என்று தெரிந்தது. அவருக்கு ஏழு மாதம் இருக்கும்போது, புருஷன் போய்விட்டான் என்று தந்தி வந்தது. மார்த்தாள் அக்கா அதற்குப் பிறகு பிறந்தவர். அப்பாவின் படம் ஒன்று இருந்ததாம், அதையும் கறையான் தின்றுவிட்டது. அந்தப் பல் சந்து ஒன்றுதான் அப்பாவிடமிருந்து அவருக்கு வந்த சொத்து.

ஆனால் கல்லறை இருந்தது. ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் வேலியோரமாக ஒரு மண்மேடும் மரச்சிலுவையும். அப்பா அதற்குள் எப்படி வந்தார் என்பதை அக்கா கதையாகச் சொல்வார். கடலூர் வரை ரயிலில் கொண்டுவந்தார்களாம். அங்கிருந்து மாட்டு வண்டியில், மேலே கொடி போர்த்தி. கூடவே இரண்டு சிப்பாய்கள் வந்து குழிக்கு முன்னால் விறைப்பாக நின்று கொம்பு ஊதினார்களாம். ஊரே வாய்பிளந்து பார்த்ததாம். எல்லாம் அவருடைய அம்மா சொன்னது. பர்மா காட்டில் செத்த ஒரு கூலி சிப்பாயை அந்தச் சண்டைக்கு நடுவே ரயிலேற்றி அனுப்பியிருப்பார்களா என்று எனக்குள் ஒரு கேள்வி வரும். நான் வாயைத் திறந்ததில்லை. பிறந்த நாளிலிருந்து ஒருத்தர் நம்பி வைத்திருக்கும் அப்பாவிடம் போய் ஆதாரம் கேட்க நான் யார்.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். கேண்டீனில் யார் ஷிப்டு எப்படி மாறினாலும் அன்று மார்த்தாள் அக்காவுக்கு லீவு. அதை நான் கொடுக்கவேண்டியதில்லை, அவரே அறிவித்துவிடுவார். முந்தின நாள் என் மேசைப் பக்கம் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார். அவருக்கு ஒரு பாக்கெட் சிகரெட் வேண்டும். அப்பா பட்டாளத்தில் சிகரெட் பழகிவிட்டாராம், பொம்பளை போய்க் கடையில் கேட்க வெட்கமாம். வருஷா வருஷம் நான்தான் வாங்கிக் கொடுப்பேன். அந்தப் பெட்டிக்கடைக்காரன் ஒருநாள் என் மனைவியிடம், சார் வருஷத்துக்கு ஒருநாள் மட்டும் ஊதுகிறார் என்று போட்டுக்கொடுத்து வீட்டில் ஒரு வாரம் ரகளை.

ஒருமுறை நான் அவரோடு அங்கே போயிருக்கிறேன். டெய்சிக்குக் கல்யாணம் நிச்சயமாகி அழைப்பிதழ் அச்சடித்து வந்தது. முதல் அழைப்பு அப்பாவுக்குத்தான் என்றார். என் ஸ்கூட்டரில் ஏற்றிப் போனேன். மண்மேட்டில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டுப் பத்திரிகையை வைத்தார். "எப்பா, ஒம் பேத்திக்குக் கல்யாணம்பா. மாப்புள குறிஞ்சிப்பாடிப் பையன். எலக்ட்ரீசியன். குடிக்கமாட்டான்னு சொல்றாங்க, நீ கொஞ்சம் பாத்துக்கப்பா" என்றார். இன்ஜினியரைத் துரத்திய குரல் இல்லை அது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பெண்பிள்ளை பேசுவதுபோல இருந்தது. எனக்குக் கூச்சமாகிவிட்டது, வேலிப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

தொண்ணூற்றைந்தில் அந்த இரண்டாம் உலக யுத்தம் முடிந்த ஐம்பதாம் வருஷம் என்று கேண்டீன் டிவியில் செய்தி போட்டார்கள். வெளிநாட்டுக் கிழவர்கள் கோட்டில் மெடல் மாட்டிக்கொண்டு வரிசையாக நடந்தார்கள். பெரிய பெரிய தூண்களின் அடியில் மலர்வளையம் வைத்தார்கள். அக்கா கரண்டியோடு டிவிக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார். வரிசையில் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள்.

"இந்தச் சண்டதான தம்பி எங்கப்பா போனது?"

"இதுதாங்க்கா."

"நம்ம ஆளுங்கள காட்டலியே."

"காட்டுவாங்க, பாருங்க" என்றேன். செய்தி முடிந்து விளம்பரம் வந்தது. அப்போதும் அவர் நின்றுகொண்டிருந்தார். இங்கிருந்து போனவர்கள் லட்சக்கணக்கில். மண் சுமந்தான், பாலம் கட்டினான், மலேரியாவிலும் குண்டிலும் செத்தான். அவனுக்காக ஒரு நிமிஷம் ஒதுக்க அந்த நாட்டு டிவிக்கும் மனசில்லை, நம் நாட்டுக்கும் தோன்றவில்லை. வெள்ளைக்காரனுக்காகச் செத்தான் என்று நாம் விட்டுவிட்டோம், கறுப்பன்தானே என்று அவன் விட்டுவிட்டான். அக்கா மட்டும் சாவகாசமாக, "காட்டாட்டி போவட்டும். எங்கப்பாவுக்குப் பூ வெக்க நான் இருக்கறேன்" என்று சொல்லிவிட்டுச் சோறு போடப் போனார்.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து அந்த ஊரைச் சுரங்க விரிவாக்கத்துக்கு எடுத்தார்கள். வீடுகளுக்கு மாற்று மனை, மாதா கோயிலுக்கு மாற்று இடம், கல்லறைத் தோட்டத்துக்கும் மாற்று இடம். விருப்பப்பட்டவர்கள் தங்கள் வீட்டு ஆட்களின் எலும்பை எடுத்துப் புதுத் தோட்டத்தில் அடக்கம் செய்துகொள்ளலாம் என்று கோயிலில் வாசித்தார்கள். ஊரே அழுதது. மார்த்தாள் அக்கா ஒருத்தர்தான் சந்தோஷப்பட்டார். அதை மறைக்கக்கூட அவருக்குத் தெரியவில்லை.

"தம்பி, நான் எங்கப்பாவப் பாக்கப் போறேன்" என்றார் என்னிடம்.

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"எலும்ப எடுக்கறப்ப பாத்துடலாமில்ல. மூஞ்சி தெரியாது. ஆனா பல்லு மண்ணுல கரையாதாம், ஆஸ்பத்திரில கேட்டேன். அந்தச் சந்து இருக்கும். இத்தினி வருசமா அவுரு பல்ல வாயில வெச்சிகினு திரியறேன், ஒருவாட்டி நேர்ல பாக்க வேணாமா?"

எலும்பு எடுக்கிற அன்று பெட்டியைத் தூக்க வீட்டு ஆண்பிள்ளை வேண்டும். அவருக்கு அண்ணன் தம்பி கிடையாது, மருமகனுக்கு வெளியூரில் வேலை. "நீங்க வரணும்" என்றார். எலும்பு என்றால் எனக்குக் கொஞ்சம் பயம். அதைச் சொன்னேன். "எங்கப்பா ஒண்ணும் பண்ணமாட்டாரு, வாங்க" என்றார். தச்சனிடம் இரண்டு சின்னப் பெட்டிகள் செய்யச் சொன்னார். ஒன்று அம்மாவுக்கு, ஒன்று அப்பாவுக்கு. அம்மா சவுரியம்மாள் பத்து வருஷத்துக்கு முன்னால்தான் இறந்தவர், சொல்லிவைத்திருந்தபடி புருஷன் பக்கத்திலேயே புதைத்திருந்தார்கள். அம்மாவுக்கு ஒரு சேலை, அப்பாவுக்கு ஒரு வெள்ளைச் சட்டையும் வேட்டியும் மெயின் பஜாரில் எடுத்தார். சட்டை என்ன அளவு என்று கடைக்காரன் கேட்டதற்கு, "ஒல்லியா இருப்பாரு, சின்ன வயசு" என்று சொன்னாராம். டெய்சி பின்னால் இதைச் சொல்லி அழுதாள். அவள் தாத்தா சாகும்போது, அன்று அவளுக்கு இருந்த வயசுகூட ஆகவில்லை.

அந்த நாள் காலையில் பழைய கோயிலில் பூசை வைத்தார்கள். அக்காவும் டெய்சியும் உள்ளே போனார்கள். நான் வெளியே பனைமரத்தடியில் நின்றேன். கல்லறைத் தோட்டத்தில் ஏற்கெனவே பாதி வேலை முடிந்து, எங்கே பார்த்தாலும் வெட்டிய மண்ணும் திறந்த குழியும். கேட்க ஆளில்லாத பழைய கல்லறைகளின் எலும்புகளைச் சாக்குகளில் சேர்த்து வைத்திருந்தார்கள், ஒரே பொதுக்குழியில் போடுவதற்காக. ஊரில் குழி வெட்டுகிற பெரியவர் தங்கராசு ஒரு சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார். கூட ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர். அவர் தள்ளாடினார். நான் கை கொடுக்கப் போனேன், வேண்டாம் என்று தலையை ஆட்டினார். என் முகத்தை அவர் பார்க்கவில்லை.

பூசை முடிந்து அம்மாவின் கல்லறையைத் திறந்தார்கள். அக்கா ஒவ்வொரு எலும்பாக வாங்கி, ஈரத்துணியில் துடைத்து, சேலைக்குள் வைத்தார். "பாத்தியாம்மா, நாம வூடு மாறிப் போறோம்" என்று பேசிக்கொண்டே செய்தார்.

அடுத்து அப்பா. தங்கராசுவின் மகன்கள் கடப்பாரையோடு வந்தார்கள். அவர் அவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத் தானே இறங்கினார். அந்த வயசில் அவர் ஏன் இறங்குகிறார் என்று நினைத்தேன். மண் பொலபொலவென்று வந்தது. இடுப்பளவு ஆழம் வருவதற்குள் எலும்பு தென்பட்டுவிட்டது. தங்கராசு மண்டையோட்டை இரண்டு கையாலும் எடுத்து மேலே நீட்டினார்.

அக்கா முழங்காலில் நின்று அதை வாங்கினார். ஈரத்துணியை மறந்துவிட்டார், முந்தானையால் துடைத்தார். நெற்றியைத் தடவினார். "எப்பா" என்றார். டெய்சி அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷத்துக்குப் பிறகு ஒரு மகள் அப்பாவைத் தொட்டுவிட்டாள் என்று நினைத்தேன். என் பயமெல்லாம் போய்விட்டது.

பிறகு அவர் தாடையைத் திருப்பினார்.

பல் இல்லை. ஒன்றுகூட இல்லை. உதிர்ந்து குழி தெரிகிற தாடை இல்லை அது, எப்போதோ பல்லெல்லாம் விழுந்து ஈறெலும்பு மூடி வழவழவென்று ஆகிப்போன தாடை. அக்கா கட்டைவிரலால் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை தடவிப் பார்த்தார். மறுபடியும் தடவினார். பிறகு அதே விரலைத் தன் முன்பல்லில் வைத்துப் பார்த்தார்.

"தங்கராசண்ணே, இது யாரு?"

"உங்கப்பாதாம்மா."

"எங்கப்பா சாவச்சொல்ல எம் பொண்ணவிட சின்னவரு. இவுரு பல்லு கொட்டின கெழவரு. யாருண்ணே இது?"

தங்கராசு குழிக்குள் நின்றபடியே மண்சுவரில் சாய்ந்தார். ஊர்ப் பெரியவர்கள் தலை குனிந்துகொண்டார்கள். அப்போதுதான் எனக்கு அந்தச் சாக்கு புரிந்தது.

"யாருன்னு தெரியலம்மா" என்றார் தங்கராசு. "கேக்க ஆளில்லாத எலும்பு. நீ பூசைல இருக்கச்சொல்ல நாங்கதான் வெச்சோம்."

"எங்கப்பா எங்க?"

தங்கராசு தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அன்று அந்தக் குழியை வெட்டியதும் அவர்தானாம். அவருக்கு அப்போது மீசை முளைத்த புதிது.

"உங்கப்பன் வரவே இல்லம்மா. தந்தி மட்டுந்தான் வந்துச்சி. அப்ப இருந்த சாமியாரு, பாடி இல்லாட்டி பரவால்லன்னு கோயிலுக்குள்ள வெறும் தூம்பாவ வெச்சி மந்திரிச்சாரு." சாவுக்கெல்லாம் ஊர்ப் பொதுவில் வைத்திருக்கும் மரப்பாடையைத்தான் தூம்பா என்கிறார்கள். "மந்திரிப்பு முடிஞ்சதும் எல்லாம் கலைஞ்சிட்டாங்க. உங்கம்மா விடல. ஏழு மாச வயித்தத் தள்ளிகினு நடுக்கோயில்ல உக்காந்துட்டா. எம் புள்ளக்கிக் காட்ட ஒரு எடம் வேணும், குழி வெட்டுங்கன்னா. வெறும் தூம்பாவத் தூக்கிகினு வந்து, வெறுங்குழிய வெட்டி மூடினோம். அவுரு துணி எதுனா இருந்தா உள்ள போடும்மான்னு கேட்டோம். இருந்ததே ரெண்டு சட்ட, ரெண்டயும் போட்டுகினு போய்ட்டாருன்னா."

"ரெண்டு சிப்பாயிங்க வந்தாங்களே. கொம்பு ஊதினாங்களே" என்றார் அக்கா.

"யாரும் வரலம்மா."

"வண்டியில கொடி போத்தி..."

"வண்டியே வரலம்மா."

ஊரில் பெரியவர்கள் எல்லாருக்கும் தெரியும். சவுரியம்மாள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய், பிள்ளையிடம் சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர்களும் சொல்லவில்லை. ஊரில் சண்டை வந்திருக்கிறது, வரப்புத் தகராறில் மண்டை உடைந்திருக்கிறது, எந்தக் கோபத்திலும் ஒரு வாய்கூட இதைச் சொல்லவில்லை. எலும்பு எடுக்கிற அறிவிப்பு வந்த பிறகு கூடிப் பேசியிருக்கிறார்கள்.

"பொட்டி செய்ய சொல்லிட்டன்னு கேள்விப்பட்டோம். சட்ட வேற எடுத்துட்ட. வெறுங்குழிய எப்பிடிம்மா ஒனக்குக் காட்டறது?" தங்கராசு அழ ஆரம்பித்தார். "அனாதையா கெடந்த எலும்பு, அதுக்கும் ஒரு மக கெடச்ச மாதிரி இருக்கும், ஒனக்கும் ஒரு அப்பன் கெடச்ச மாதிரி இருக்கும்னு நெனச்சோம். பல்லு ஞாபகம் யாருக்கும் வரல."

ஒரு ஊரே சேர்ந்து இத்தனை அன்பாக ஒரு பொய் சொல்லி நான் கேட்டதில்லை. அதைப் போல ஒரு கொடுமையையும் பார்த்ததில்லை. யாரைத் திட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அக்கா மண்டையோட்டை டெய்சியிடம் கொடுத்துவிட்டுக் குழிக்குள் இறங்கினார். தங்கராசுவை ஓரமாக நகரச் சொன்னார். கையாலேயே மண்ணை வாரினார். நகத்தில் ரத்தம் வந்தது. "அக்கா, வேணாங்க்கா" என்று நான் மேலேயிருந்து சொன்னேன், அவர் காதில் விழவில்லை. யாரோ கடப்பாரையை நீட்டினார்கள், அதை வாங்கி அவரே குத்தினார். வெட்டுப்படாத கெட்டிச் செம்மண் வரை போய்விட்டார். அதற்குக் கீழே மனுஷன் கை பட்ட அடையாளமே இல்லை. அப்போதும் உட்கார்ந்து சுற்றிச் சுற்றித் தடவிக்கொண்டிருந்தார். ஒரு பித்தானாவது இருக்காதா என்று தேடினார் போலிருக்கிறது. நானும் டெய்சியும் இறங்கித்தான் அவரை மேலே ஏற்றினோம்.

மேலே வந்ததும் அம்மாவின் பெட்டிக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"ஏம்மா" என்றார். "நெஞ்சு வலில கெடந்தியே, ஆஸ்பத்திரில மூணு நாளு எங் கையப் புடிச்சிகினு இருந்தியே. அப்பவாவது சொல்லியிருக்கக் கூடாதா? ஒரு ஆளும் இல்லாத மண்ணு பக்கத்துல போயி என்னப் போடுன்னு சொன்னியேம்மா. ஒனக்குத் தெரியுமேம்மா."

அதற்குமேல் அவர் அழுத அழுகையை எழுத எனக்குத் தெம்பில்லை. சவுரியம்மாள் வருஷா வருஷம் அந்த மண்மேட்டில் விழுந்து அழுதவர் என்று ஊரில் சொல்வார்கள். அவருக்கு உள்ளே யாரும் இல்லை என்று தெரியும், தெரிந்தேதான் அழுதிருக்கிறார்.

மத்தியானம் லாரி வந்துவிட்டது. புதுத் தோட்டத்துக்குப் போக வேண்டும். தங்கராசு அந்தக் கிழவரின் எலும்பை எடுத்துத் திரும்பச் சாக்கில் போடப் போனார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"அவுர மூட்டையில போடாதீங்க. இங்க குடுங்க."

தச்சன் செய்த இரண்டாவது பெட்டியைத் திறந்தார். வேட்டியை விரித்து எலும்புகளை அடுக்கினார். அந்த வெள்ளைச் சட்டையை மேலே போர்த்தினார். சட்டையைப் போர்த்தும்போது மட்டும் சற்று நேரம் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். "யாரப் பெத்த அப்பனோ" என்று சொல்லி மூடினார். பெட்டியை நான்தான் தூக்கினேன். கனமே இல்லை.

புதுத் தோட்டம் செடிகொடி ஒன்றும் இல்லாத பொட்டல். சுண்ணாம்புக் கோடு போட்டு இடம் பிரித்திருந்தார்கள். அம்மாவை ஒரு குழியிலும், அந்தப் பெயர் தெரியாத பெரியவரைப் பக்கத்துக் குழியிலும் வைத்தோம். பங்குச் சாமியார் இளவயசுக்காரர், நல்ல மனுஷன். காலையில் நடந்தது எல்லாம் அவருக்குச் சொல்லியிருந்தார்கள். தீர்த்தம் தெளித்து முடித்துவிட்டு அக்காவின் பக்கத்தில் வந்து நின்றார்.

"அப்பா பேருக்கும் ஒரு எடம் விட்டிருக்கேன் மார்த்தாம்மா. ஒரு சிலுவை நட்டு, பேர் எழுதி வெச்சிடுவோம். உடம்பு எங்க இருந்தாலும் ஜெபம் போய்ச் சேந்துடும்" என்றார். பிறகு இதையும் சொன்னார். "பட்டாளத்துல செத்து, உடம்பு கெடைக்காதவங்க பேரையெல்லாம் வெளிநாட்டுல பெரிய பெரிய கல்லுல வெட்டி வெச்சிருக்காங்க. நம்ம ஆளுங்க பேரும் நெறைய இருக்குதாம். நான் எழுதிக் கேக்கறேன். அப்பா பேரும் அதுல இருக்கலாம்."

"இருந்தா இருக்கட்டும் சாமி" என்றார் அக்கா. "சிலுவ வேணாம்."

"ஏம்மா?"

"நான் பொறந்ததுலேருந்து அப்பான்னு கூப்புட்டது அந்த மண்ணுகிட்ட மட்டுந்தான். வேற யாரயும் கூப்புட்டதில்ல. கேட்டுகினு படுத்திருக்காருன்னு நெனச்சிகினு கூப்புட்டேன். அங்க அவுரு இல்ல. இங்கயும் இல்லன்னு தெரிஞ்சிகினே எப்பிடிக் கூப்புடறது?" சாமியார் விட்டுவைத்த காலி இடத்தைக் காட்டினார். "இனிமே நான் எங்க போயி அப்பான்னு கூப்புடுவேன் சாமி?"

டெய்சி அம்மாவைக் கட்டிக்கொண்டாள். லாரிக்காரன் ஹாரன் அடித்துக் கூப்பிட்டான், போய் ஏறினோம்.

அதன்பிறகு ஏழு வருஷம் உயிரோடு இருந்தார். சோறு போட்டார், சத்தம் போட்டார், பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பிளாக் முழுவதும் சுற்றினார். அந்த வார்த்தையை மட்டும் அவர் வாயிலிருந்து நான் மறுபடி கேட்கவில்லை.